பாஸ்டன் பொது நூலகம்: அண்ணாந்து பார்க்க வேண்டிய கட்டடம்

பாஸ்டன் நகரின் காப்லி சதுக்கத்தில் உள்ள பொது நூலகத்தின் பழைய கட்டடத்துக்குப் போய்வந்தவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களைக் குறிப்பிடுவார்கள்: மேல்மாடியில் உள்ள சுவரோவியங்கள், பச்சை விளக்குகள் வரிசையாக எரியும் படிப்புக்கூடம், நடுவில் அமைந்த முற்றம். மூன்றும் பார்க்க வேண்டியவைதான். ஆயினும் அங்கே செலவிட ஒரு மணி நேரமே வாய்த்தவருக்கு நான் சொல்ல விரும்புவது வேறு: முதலில் கூரைகளைப் பாருங்கள். 1895-இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தில் ஓவியர்களும் சிற்பிகளும் செய்துவைத்த வேலை ஏற்றத்தாழ்வு உடையது. சில இடங்களில் அற்புதம், சில இடங்களில் வெறும் ஆடம்பரம். தலைக்கு மேலே கட்டடக் கலைஞரும் கொத்தனார்களும் செய்துவைத்த வேலையோ எந்த அறையிலும் தரம் தாழவில்லை. இந்த மதிப்புரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

நூலகம் என்ற அமைப்பு கட்டடத்தைவிட மூத்தது. மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தின் ஒப்புதலுடன் 1848-இல் நிறுவப்பட்டு, 1854-இல் ஒரு பள்ளிக் கட்டடத்தில் வாசகர்களுக்குத் திறக்கப்பட்ட இது, நகராட்சியின் பொறுப்பில் எல்லோருக்கும் இலவசமாக நடத்தப்பட்ட நூலகங்களில் அமெரிக்கப் பெருநகரங்களில் முதலாவது. லண்டனில் பேரிங் வங்கி நிறுவனத்தின் பங்காளியாக உயர்ந்த ஜோஷுவா பேட்ஸ் என்பவர், தம் இளமையில் பாஸ்டனில் புத்தகம் வாங்கப் பணமின்றித் தவித்ததை நினைவில் வைத்திருந்து, 1852-இல் 50,000 டாலர் அளிக்க முன்வந்தார். அந்தப் பணத்தின் வட்டியில் புத்தகங்கள் வாங்க வேண்டும் என்பதோடு அவர் விதித்த நிபந்தனைகள்தாம் கட்டடக் கலை நோக்கில் முக்கியமானவை: கட்டடம் நகருக்கு அணியாக இருக்க வேண்டும், நூறு முதல் நூற்றைம்பது பேர் மேசைகளில் அமர்ந்து படிக்க இடம் வேண்டும், எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாக இருக்க வேண்டும். நன்கொடையாளர்கள் தங்கள் பெயர் பொறித்த கல்லைக் கேட்பது வழக்கம். இவர் நாற்காலிகளைக் கேட்டார். 1858-இல் பாயில்ஸ்டன் தெருவில் கட்டிய கட்டடம் முப்பது ஆண்டுகள்கூடப் போதாமற்போக, பேக் பே பகுதியில் மாநில அரசு தந்த மனையில் புதிய கட்டடம் எழுப்பும் பணி, மெக்கிம், மீட் அண்ட் ஒயிட் என்ற நியூயார்க் நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் ஃபாலன் மெக்கிமுக்குக் கிடைத்தது. 1888-இல் அடிக்கல் நாட்டி, ஏழு ஆண்டுகளில் முடித்தார்கள்.

வெளித்தோற்றத்தைப் புரிந்துகொள்ள முதலில் முதுகைத் திருப்பி எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். சதுக்கத்தின் மறுபுறத்தில் நிற்பது ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் கட்டி 1877-இல் முடித்த டிரினிட்டி தேவாலயம். கரடுமுரடான கற்கள், பல நிறங்கள், எல்லாப் பக்கமும் முட்டி மோதி மேலெழும் கோபுரம் என்று அது ஓயாமல் பேசும் கட்டடம். மெக்கிம் இளமையில் ரிச்சர்ட்சனிடம் வேலை பார்த்தவர். தம் பழைய ஆசிரியரின் கட்டடத்துக்கு எதிரே அவர் செய்தது, கோபுரமில்லாமல், முகப்பில் எங்கும் முன்துருத்தல் இல்லாமல், இளஞ்சிவப்புச் சாயலுள்ள மில்ஃபோர்டு கருங்கல்லில், ஒரே உயரத்தில் ஓடும் நீண்ட சுவர். அதில் பதின்மூன்று பெரிய வளைவுச் சாளரங்கள், இடைவெளி மாறாமல் வரிசையாக நிற்கின்றன. பாரிஸில் லாப்ரூஸ்ட் கட்டிய சான்ட் ஜெனவியேவ் நூலகத்தின் முகப்பும், ரிமினியில் ஆல்பெர்ட்டி புதுப்பித்த தேவாலயத்தின் பக்கச் சுவரும் இதற்கு முன்மாதிரிகள். இரவல் வாங்கியது என்று குறை சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் லாப்ரூஸ்டின் முகப்பில் வளைவுகள் மெலிந்தவை, சுவர் தட்டையானது. மெக்கிம் வளைவுகளை ஆழமாக்கி, ஒவ்வொன்றின் உட்புறத்திலும் நிழல் தங்கும்படி செய்தார். சதுக்கத்தின் அகலத்தைத் தாங்கி நிற்பது அந்த நிழல்தான். அது இல்லாவிட்டால் இவ்வளவு நீளச் சுவர் அரசு அலுவலகம்போல் ஆகியிருக்கும்.

சாளரங்களுக்குக் கீழே உள்ள கற்பலகைகளில் அறிஞர்கள், கலைஞர்கள், கவிஞர்களின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் பொறிக்கப்பட்டுள்ளன. இவற்றைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. ஒரு பலகையில் மோசே, சிசரோ, காளிதாசன், ஐசோக்ரட்டீஸ், மில்டன் என்று ஐந்து பெயர்கள். அடுத்ததில் மோட்சார்ட், யூக்ளிட், ஈஸ்கிலஸ், தாந்தே. அதற்கடுத்ததில் ரென், ஹெரிக், இர்விங், டிஷியன், எராஸ்மஸ். ஆங்கிலத்தில் இவற்றின் முதல் எழுத்துகளைக் கோத்தால் கட்டடக் கலை நிறுவனத்தின் மூன்று பங்காளிகளான மெக்கிம், மீட், ஒயிட் ஆகியோரின் பெயர்கள் வருகின்றன என்பதை ஒரு நாளிதழ் கண்டுபிடித்து வெளியிட, ஊரில் பெரும் நகைப்பும் கோபமும் எழுந்தன. வரிசை அழிக்கப்பட்டு வேறுவிதமாகப் பொறிக்கப்பட்டது. காளிதாசன் அந்தப் பலகையில் ஏறியது கவித்துவத்தாலா, அவருடைய பெயர் ஆங்கிலத்தில் 'கே' என்ற எழுத்தில் தொடங்கியதாலா என்று கேட்காமல் நம்மவர்களால் அதைக் கடந்துபோக முடியாது. மேலே, கூரையை ஒட்டிய பட்டையில், இது மக்களால் கட்டப்பட்டுக் கல்வியின் வளர்ச்சிக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்ற வாசகம் கட்டடத்தின் நீளத்துக்கு ஓடுகிறது. நடுவாயிலுக்கு மேலே 'அனைவருக்கும் இலவசம்' என்ற வாசகம். முன்னால் அமர்ந்திருக்கும் கலை, அறிவியல் என்ற இரண்டு வெண்கலப் பெண் உருவங்கள் பேலா பிராட் செய்தவை. 1912-இல்தான் வந்து சேர்ந்தன. தவறில்லாத வேலை, அவ்வளவுதான்.

வாயிலில் உள்ள வெண்கலக் கதவுகள், பிற்காலத்தில் லிங்கன் நினைவகத்தின் சிலையைச் செய்த டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்சின் கைவண்ணம், 1904-இல் பொருத்தப்பட்டவை. இரண்டிரண்டாக மூன்று இணைக் கதவுகள், ஒவ்வொன்றிலும் மெல்லிய புடைப்பாக ஒரு பெண் உருவம்: இசை, கவிதை, அறிவு, ஞானம், உண்மை, கற்பனை. கதவு திறந்திருக்கும் நேரத்தில் இவை சுவரோடு ஒட்டி நிற்பதால் பலர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். அவசரம் இல்லையென்றால் ஆடையின் மடிப்புகள் மேலே அரும்பி, கீழே வரவர உலோகத்துக்குள் கரைந்துபோவதைக் கிட்டே நின்று பார்க்கலாம்.

உள்ளே நுழைந்ததும் வருவது, எதிர்பார்ப்புக்கு மாறாக, உயரம் குறைந்த, சற்று இருண்ட கூடம். பெரிய கட்டடத்தின் முதல் அறை பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் வழக்கத்தை மெக்கிம் இங்கே வேண்டுமென்றே மீறுகிறார். தடித்த தூண்கள், அவற்றுக்கிடையே தாழ்வான வளைவுகள், அவற்றின்மேல் சலவைக்கல் துண்டுகளைப் பதித்த மொசைக் கூரை. கொடிகளுக்கும் பந்தல் சட்டங்களுக்கும் இடையே எமர்சன், ஹாதார்ன் முதலிய மாசசூசெட்ஸ்காரர்களின் பெயர்கள். தரையில் வெள்ளைச் சலவைக்கல்லில் பித்தளையால் பதித்த ராசிச் சின்னங்கள். இந்தக் கூடத்தில் நிற்பவரின் கண், தானாகவே எதிரே வெளிச்சம் வரும் பக்கம் திரும்புகிறது. அங்கேதான் படிக்கட்டு.

படிக்கட்டு இந்தக் கட்டடத்தின் முதல் உச்சம். இத்தாலியின் சியனா நகர்ப் பகுதியிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் சலவைக்கல்லை இரண்டு பக்கச் சுவர்களிலும் பதித்திருக்கிறார்கள். கருமையான நரம்புகள் ஓடும் அந்த மஞ்சள், முற்றத்தைப் பார்த்த பெரிய சாளரங்கள் வழியே வரும் வெளிச்சத்தை வாங்கி, சற்றுமுன் கடந்துவந்த இருளுக்கு நேர் எதிரான ஒரு பொன்னிறத்தை உண்டாக்குகிறது. படிகள் வேறு கல்: பிரான்சின் எஷயோன் சுரங்கத்துச் சாம்பல் கலந்த வெண்கல். குனிந்து பார்த்தால் அதில் புதைந்த சிப்பிகளின் குறுக்குவெட்டு தெரியும். வளைந்த சிறு கோடுகளாக, நகத்தால் கீறியதுபோல் இருக்கும். படிக்கட்டு நடுவில் ஒரு மேடையை அடைந்து, அங்கிருந்து இரு பிரிவாகப் பிரிந்து திரும்பி ஏறுகிறது. திருப்பத்தில் இரண்டு சிங்கங்கள். உள்நாட்டுப் போரில் மடிந்த மாசசூசெட்ஸின் இரண்டாம், இருபதாம் காலாட்படை வீரர்களின் நினைவாக லூயி செயின்ட் காடன்ஸ் செய்த இவை மெருகு போடப்படாதவை. சுவர்களின் பளபளப்புக்கு நடுவே அந்தச் சொரசொரப்பு பொருத்தமாகவே இருக்கிறது. அதிர்ஷ்டம் வரும் என்று வருவோர் போவோரெல்லாம் தடவியதால் வால் பகுதி மட்டும் மழமழவென்று ஆகியிருக்கிறது.

சுவர்களில் மேலே உள்ள ஓவியங்கள் பிரெஞ்சு ஓவியர் பியூவி த ஷவானுடையவை. அவர் பாஸ்டனுக்கு வந்ததே இல்லை. எழுபது வயதில் பிரான்சில் தம் கூடத்திலேயே துணியில் தீட்டி அனுப்ப, இங்கே சுவரில் ஒட்டினார்கள். வராமலே இவ்வளவு பொருந்தும்படி தீட்ட முடிந்ததற்குக் காரணம், சலவைக்கல்லின் மாதிரித் துண்டுகளையும் படிக்கட்டின் சிறு உருவையும் மெக்கிம் அவருக்கு அனுப்பியதுதான். வெளிறிய நீலம், வெளிறிய பச்சை, வெளிறிய ஊதா. எதுவும் அந்த மஞ்சளோடு போட்டியிடவில்லை. இவற்றுள் இயற்பியலுக்கான ஓவியம் எனக்குப் பிடித்தது. தந்திக் கம்பங்கள், கம்பி. கம்பியை ஒட்டி இரண்டு பெண்கள் காற்றில் மிதந்து செல்கிறார்கள், ஒருத்தி நல்ல செய்தி, மற்றவள் கெட்ட செய்தி. கிரேக்கத் தேவதைகளையே தீட்டிப் பழகிய கை, தந்திக் கம்பத்தையும் அதே அமைதியோடு தீட்டியிருப்பதில் ஒரு நகைச்சுவையும் துணிவும் இருக்கின்றன.

படிக்கட்டின் தலைப்பில் ஒரு நடைக்கூடம். அதைக் கடந்தால், ஜோஷுவா பேட்ஸின் பெயர் தாங்கிய படிப்புக்கூடமான பேட்ஸ் கூடம். 218 அடி நீளம், சுமார் 42 அடி அகலம், 50 அடி உயரம். எண்களைவிட முக்கியம், இதற்குள் நுழையும் விதம். இவ்வளவு நீளமான அறைக்கு வழக்கமாக ஒரு முனையில் கதவு வைத்து, முழு நீளத்தையும் ஒரே பார்வையில் காட்டி அசத்துவார்கள். இங்கே கதவு நீளப்பக்கத்தின் நடுவில் இருக்கிறது. நுழைபவருக்கு எதிரே தெரிவது ஒரு சாளரமும் சில மேசைகளும்தான். நான்கு அடி வைத்து இடமும் வலமும் திரும்பும்போதுதான் கூடம் இரு பக்கமும் விரிகிறது. அரண்மனைத் தர்பாரில் நுழைபவர் எதிரே அரியணையைக் காண்பார். இங்கே அரியணைக்கு இடமே இல்லை, எல்லா மேசையும் ஒரே மாதிரி. மக்களுக்கான அரண்மனை என்று இந்தக் கட்டடத்தை அந்நாளிலிருந்தே அழைத்து வருகிறார்கள். அதற்குச் சான்று கேட்டால், சலவைக்கல்லைவிடக் கதவு இருக்கும் இந்த இடத்தைத்தான் நான் காட்டுவேன்.

கூடத்தின் கூரை நீளவாக்கில் ஓடும் அரைவட்ட வளைவு. இரு முனைகளிலும் அது அரைக்கவிகையாக முடிகிறது. கூரை முழுவதும் சதுரச் சதுரமாகக் குழித்த அறைகள். முனைகளில் அந்தச் சதுரங்கள் உச்சியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகின்றன. வெளியே முகப்பில் எண்ணிய பதின்மூன்று வளைவுகளும், இரு பக்கவாட்டில் ஒவ்வொன்றுமாகப் பதினைந்து சாளரங்கள் இந்த ஓர் அறைக்கு ஒளி தருகின்றன. ஆக, தெருவிலிருந்து பார்த்த அந்த முகப்பு முழுவதும் ஒரே படிப்புக்கூடத்தின் வெளிச்சுவர் என்பது இங்கே வந்த பிறகுதான் புரிகிறது. சாளரங்கள் புத்தக அலமாரிகளுக்கு மேலே தொடங்குவதால், அமர்ந்திருப்பவருக்குத் தெரு தெரியாது, வானம் தெரியும். கிழக்குப் பார்த்த சாளரங்கள் என்பதால் காலையில் வருபவர்களுக்கே இந்தக் கூடம் முழுமையாகக் கிடைக்கும். பிற்பகலில் பச்சை விளக்குகளின் ஆட்சி. ஒளிப்படங்களில் அந்தப் பச்சையே தூக்கலாகத் தெரிவதால், விளக்குகளுக்காகவே இந்தக் கூடம் புகழ்பெற்றது என்று நினைக்கத் தோன்றும். நேரில் அவை மேசையோடு சரி; அறையை ஆள்வது கூரைதான்.

மற்ற கூரைகளை யார் செய்தார்கள் என்பது தனியே சொல்ல வேண்டிய கதை. வலென்சியாவில் பிறந்து பார்சலோனாவில் கட்டடங்கள் எழுப்பிப் பெயர் பெற்ற ரஃபாயெல் குவஸ்தவீனோ, 1881-இல் சிறுவனான தம் மகனோடு நியூயார்க்குக்கு வந்தார். ஆங்கிலம் தெரியாது, கையில் பெரிய வேலையும் இல்லை. அவருக்குத் தெரிந்தது, கத்தலோனியக் கொத்தனார்கள் தலைமுறைகளாகக் கையாண்ட ஒரு முறை: சுட்ட களிமண்ணால் ஆன, ஏறத்தாழ ஓர் அங்குலமே கனமுள்ள தட்டோடுகளைப் படுக்கைவாட்டில் ஒன்றோடொன்று விளிம்பு ஒட்டி அடுக்கி, வளைவான கூரை எழுப்புவது. முதல் வரிசைக்குச் சீக்கிரம் இறுகும் சாந்து. ஓடு வைத்துக் கையை எடுப்பதற்குள் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் இரண்டாம், மூன்றாம் அடுக்குகளைச் சிமெண்டில், இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி மாற்றி மாற்றி ஒட்டுவார்கள். கீழே முழுச் சாரமும் பலகையும் தேவையில்லை. கட்டி முடித்த பகுதியின்மேல் நின்றுகொண்டே கொத்தனார் அடுத்த பகுதியைக் கட்டிக்கொண்டு போகலாம். நம் ஊர்ப் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸில் செங்கலைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பு பூசினாலும் பாரத்தை வாங்குவது கீழே உள்ள தேக்கு மரக்கட்டைகள்தாம். இதில் மரமும் இல்லை, இரும்பும் இல்லை. சில அங்குலக் கனமுள்ள ஓட்டு அடுக்கின் வளைவே பாரத்தைச் சுவருக்குக் கடத்திவிடுகிறது. மரம் இல்லாததால் தீப்பிடிக்காது. 1872-இல் பெருந்தீயில் வணிகப் பகுதியை இழந்த நகரத்துக்கு, அதுவும் காகிதத்தைச் சேமிக்கப்போகும் கட்டடத்துக்கு, இது எவ்வளவு பெரிய வாக்குறுதி என்று சொல்ல வேண்டியதில்லை.

1889-இல் மெக்கிம் இந்த வேலையைக் குவஸ்தவீனோவிடம் ஒப்படைத்தார். புதியவர் ஒருவரின் மெல்லிய ஓட்டுக் கூரை புத்தகங்களின் பாரத்தைத் தாங்குமா என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது. பாரமேற்றிச் சோதித்துக் காட்டிய பிறகே வேலை தொடர்ந்தது. அவர் செய்த வளைவுகள் வலுவோடு அழகும் உடையவை என்பதைக் கண்ட மெக்கிம், பல இடங்களில் பூச்சு பூசி மறைக்காமல் ஓடுகளை அப்படியே வெளியில் தெரியவிட்டார். அமெரிக்காவில் இவ்வகைக் கூரை அலங்காரமின்றித் தன்னைக் காட்டிக்கொண்டது இங்கேதான் தொடங்கியது. ஏழு வகையான வளைவுகள் இக்கட்டடத்தில் உள்ளன. நுழைவுக் கூடத்தின் மொசைக்கும் இந்த ஓட்டின்மேல் பதித்ததுதான். தரைத்தளத்து அறைகளில் தலைக்குச் சற்று மேலேயே ஓடுகள் தெரியும். சில கூரைகளில் அவை நேர்வரிசையாக ஓடுகின்றன. சிலவற்றில் பாய் முடைந்ததுபோல் ஒன்றுக்கொன்று சாய்ந்து போகின்றன. இணைப்புச் சாந்தின் வெள்ளைக் கோடு, வளைவு ஏறுமிடத்தில் சற்றே விரிந்து இறங்குமிடத்தில் ஒடுங்குவதைக் கிட்டே நின்று பார்த்தால், ஒவ்வோர் ஓட்டையும் கையில் எடுத்துப் பார்த்து வைத்த ஓர் ஆள் இருந்திருக்கிறான் என்பது தெரிகிறது. பிற்காலத்தில் தந்தையும் மகனும் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம், எல்லிஸ் தீவுக் குடியேற்றக் கூடம் உட்பட அமெரிக்கா முழுவதும் நூற்றுக்கணக்கான கட்டடங்களில் இதே கூரையைக் கட்டினார்கள். அந்தப் புகழுக்கெல்லாம் தொடக்கமான பெரிய வேலை இந்த நூலகம். பார்வையாளர்களில் பெரும்பாலோர் இதன்கீழ்த் தேநீர் அருந்திவிட்டு, ஓவியம் பார்க்க மாடிக்கு விரைகிறார்கள்.

ஓவியங்களுக்கு வருவோம். முதல் மாடியில் உள்ள அபி அறையில் எட்வின் ஆஸ்டின் அபி தீட்டிய புனிதக் கிண்ணத் தேடல் (இயேசு பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கிண்ணத்தை ஆர்தர் மன்னனின் வீரர்கள் தேடிப்போகும் பழங்கதை) என்ற ஓவிய வரிசை, சுவரின் மேற்பகுதி முழுவதும் பதினைந்து சட்டங்களில் சுற்றி வருகிறது, 1902-இல் முடிந்தது. கருத்த ஓக் மரப் பலகையடைப்பு, கனத்த உத்தரங்கள், செந்நிறச் சலவைக்கல் என்று அறையே ஒரு மங்கலான மாளிகை. சிவப்பங்கி அணிந்த வீரன் ஒருவனைத் தொடர்ந்து போகும் கதையை அறிந்தவருக்கு அது விருந்து. அறியாதவருக்கு உடையலங்காரமே மிஞ்சும். எனக்கு இந்த அறையின் பழைய பயனே அதிக ஆர்வம் தருகிறது. புத்தகம் கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள் காத்திருந்த இடம் இது. சீட்டுகள் காற்றழுத்தக் குழாய்கள் வழியே அடுக்குகளுக்குப் பறந்தன. புத்தகங்கள் சிறு தண்டவாளத்தில் ஓடும் பெட்டிகளில் திரும்பி வந்தன. காத்திருப்பவருக்குப் பொழுதுபோகச் சுவரில் ஒரு காவியத்தையே தீட்டிவைத்தார்கள் என்று எடுத்துக்கொண்டால், அறையின்மேல் தனிப் பரிவு பிறக்கிறது.

இரண்டாம் மாடியில் (அமெரிக்கக் கணக்கில் மூன்றாம் தளம்) ஜான் சிங்கர் சார்ஜென்ட்டின் கூடம். சீமாட்டிகளின் உருவப்படங்களுக்குப் பேர்போன அவர், தம் பெயர் நிலைக்கப்போவது இந்தச் சுவர்களால்தான் என்று நம்பி, 1890-இல் ஒப்புக்கொண்டு 1919 வரை தவணை தவணையாகச் செய்தார். மதங்களின் வரலாறு பொருள். புடைப்புச் சிற்பம், பொற்பூச்சு, பதித்த கண்ணாடித் துண்டுகள் எல்லாம் கலந்த வேலை. தீர்க்கதரிசிகளின் வரிசை வலுவானது. நீலத் திரைக்குப் பின் நிற்கும் அஸ்தார்த்தே தெய்வம் அதைவிட வலுவானது. ஆனால் 1919-இல் வைத்த, யூத மதத்தைக் கண் மறைக்கப்பட்டு வீழ்ந்த முதியவளாகக் காட்டும் ஓவியம் பாஸ்டன் யூதர்களின் நியாயமான எதிர்ப்பைச் சந்தித்தது. சார்ஜென்ட் வேலையை முடிக்கவே இல்லை. மலைப்பிரசங்கத்துக்கென்று ஒதுக்கிய நடுப்பகுதி இன்றும் வெறுமையாக இருக்கிறது. ஒடுங்கிய கூடம், மேலிருந்து வரும் குறைந்த வெளிச்சம், எல்லாப் பக்கமும் நெருக்கும் உருவங்கள். இதை இக்கட்டடத்தின் மணிமுடி என்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. படிக்கட்டில் ஷவான் காட்டிய அடக்கம் இங்கே இல்லை; கட்டடத்தோடு ஓவியம் போட்டியிடுகிறது.

குறைகளில் பெரியது கட்டடம் திறந்த நாளிலேயே நூலகர்களால் சொல்லப்பட்டது. திட்டமிடும்போது நூலகத் தொழில் தெரிந்தவர்களின் பேச்சுக்கு இடம் கொடுக்கப்படவில்லை. அறங்காவலர்களும் கட்டடக் கலைஞரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். முகப்பையும் பெருங்கூடத்தையும் முதலில் நிறுத்திவிட்டு, புத்தக அடுக்குகளையும் பணியாளர் அறைகளையும் மிச்ச இடத்தில் நுழைத்ததன் விளைவாக, திறந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே உட்புற மாற்றங்கள் தேவைப்பட்டன. இன்றும் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் வழி, படிக்கட்டு வரிசையை விட்டு விலகினால், புதிர்தான். இன்னொரு குறை நிலத்தில் இருந்தது. பேக் பே முழுவதும் கழிமுகத்தில் மண் கொட்டி உண்டாக்கிய தரை. பெரிய கட்டடங்கள் ஆயிரக்கணக்கான மரமுளைகளின்மேல் நிற்கின்றன. நீருக்குள் மூழ்கியிருக்கும்வரை முளைகள் கெடாது. நிலத்தடி நீர் இறங்கியதால் முளைகளின் தலைப்பகுதி உளுத்துப்போனதை 1929-இல் சுவர் விரிசல்கள் காட்டிக்கொடுக்க, உளுத்த பகுதியை நீக்கிக் கற்காரையால் அடித்தளத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. இவ்வளவு கனமான கட்டடத்தின் உயிர் நீர்மட்டத்தில் இருக்கிறது.

முற்றத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரோமின் கான்செல்லேரியா மாளிகையின் முற்றத்தைப் பார்த்துச் செய்த வளைவு நடைக்கூடம், நடுவில் நீர்த்தொட்டி, நாற்காலிகள். தொட்டியில் குழந்தையை ஏந்தி ஆடும் வெண்கலப் பெண் சிற்பி மெக்மானீஸ் செய்த உருவத்தின் மறுவார்ப்பு. மூலத்தை மெக்கிம் தாமே நூலகத்துக்குப் பரிசளித்தார். ஆடையில்லாதவள், மேலும் குடித்திருக்கிறாள் என்று 1890-களின் பாஸ்டன் கொதித்தெழ, அதைத் திரும்பப் பெற்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். வெயில் காலத்தில் நகரின் நடுவே காசு கொடுக்காமல் உட்கார இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம்.

பாயில்ஸ்டன் தெருப் பக்கம் ஒட்டியிருப்பது பிலிப் ஜான்சன் வடிவமைத்து 1972-இல் திறந்த புதுக் கட்டடம். பழையதன் கல்லையும் உயரத்தையும் மதித்தார், மனிதரை மதிக்கவில்லை. தெருவோரத்தில் நட்டுவைத்த கருங்கற் பலகைகள் கீழ்த்தளச் சாளரங்களை மறைத்து, உள்ளே இருப்பவருக்கு ஊரும் ஊரில் இருப்பவருக்கு நூலகமும் தெரியாமல் செய்தன. வில்லியம் ரான் நிறுவனம் 2016-இல் முடித்த புதுப்பிப்பில் அந்தப் பலகைகளை அகற்றித் தெளிந்த கண்ணாடி போட்டார்கள். இப்போது அது சுறுசுறுப்பான, நிறம் நிறைந்த, எல்லோரும் புழங்கும் நூலகம். குழந்தைகள் பகுதியும் இரவல் புத்தகங்களும் அங்கேதான். பழைய கட்டடத்தை அருங்காட்சியகமாக உறைந்துபோகாமல் காப்பாற்றியதும் இந்தப் பங்கீடுதான்: கூட்டம் புதியதில், அமைதி பழையதில்.

போக நினைப்பவர்களுக்கு: நுழைவுக் கட்டணமோ அடையாள அட்டையோ தேவையில்லை, பேட்ஸ் கூடத்தில் உட்கார்ந்து படிக்க உறுப்பினராகவும் இருக்க வேண்டியதில்லை. பசுமைத் தட ரயிலில் காப்லி நிலையத்தில் இறங்கினால் எதிரே கட்டடம். தன்னார்வலர்கள் இலவசமாக அழைத்துச் சென்று காட்டும் கலை, கட்டடக் கலைச் சுற்றுகள் உண்டு. நேரங்களை நூலகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். இயன்றவர்கள் பழைய கட்டடத்தின் முகப்பில் உள்ள டார்ட்மவுத் தெரு வாயில் வழியாகவே நுழையுங்கள். பாயில்ஸ்டன் தெருவழியே புதுக் கட்டடத்தில் நுழைந்து பக்கவாட்டில் வந்தால், இருண்ட கூடத்திலிருந்து மஞ்சள் படிக்கட்டுக்கும் அங்கிருந்து பேட்ஸ் கூடத்துக்கும் மெக்கிம் அமைத்த ஏற்றம் குலைந்துவிடும். படி ஏற முடியாதவர்களுக்குப் பாயில்ஸ்டன் வாயிலே வசதியானது. அங்கிருந்து உள்வழியாகப் பழைய கட்டடத்தின் மின்தூக்கியில் முதல் மாடிக்குப் போகலாம். அவர்கள் நேரே பேட்ஸ் கூடத்துக்குள் நுழைந்துவிடாமல், முதலில் நடைக்கூடத்துக்கு வந்து படிக்கட்டை மேலிருந்து பார்ப்பது நல்லது. ஷவானின் ஓவியங்கள் அங்கிருந்து கண் மட்டத்துக்கு நெருங்கி வருகின்றன, கீழிருந்து ஏறி வருபவர்களைவிட அவர்களுக்கே அவை தெளிவாகத் தெரியும்.